போய்வருதல்

தமிழில் விடைபெறுகிறவன் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்வருகிறேன்’ என்கிறான். எங்கள் பக்கத்தில் ‘போயிட்டு வாரேன்’. வாய் தவறி ‘போறேன்’ என்று வந்துவிட்டால் வீட்டிலிருக்கும் கிழவிகள் ‘வாரேன்னு சொல்லுப்பா’ என்று திருத்துவார்கள். இந்தச் சொல்லைச் சொல்லாமல் எழுந்துவர வேண்டிய இடம் சாவு வீடு ஒன்றுதான். அங்கே மறுபடி வருவதாகச் சொல்வது அந்த வீட்டில் இன்னொரு சாவைக் கேட்பதாகிவிடும். இதைச் சகுன நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு மொழி தன்னுடைய மிகச் சாதாரணமான வாக்கியத்துக்குள் ஒரு தத்துவத்தை வைத்துப் புழங்கி வந்திருக்கிறது என்றும் இதைப் பார்க்க முடியும். போவது தனியாக ஒரு முழுச் செயல் ஆகாது. திரும்பிவருதல் என்ற நிபந்தனையின் பேரில்தான் நாம் போகிறோம்.

இந்த நிபந்தனை இல்லாமல் போனவர்களின் பாதையில், இது உள்ள நாம் போகும்போது, அந்தப் பாதையைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்யதை என்பதுதான் நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இது எனக்குப் படவில்லை. ‘அகதி’, ‘நாடோடி’, ‘அந்நியன்’ என்ற சொற்களைத் தன் மனநிலைக்கு உருவகமாக எடுத்துக்கொள்ளும் கவிதைகள் நம் பத்திரிகைகளில் நிறைய வருகின்றன. அவற்றை எழுதுகிறவர்களும் படித்து ரசிக்கிறவர்களும் இதில் சம்பந்தப்பட்டவர்களே.

கேள்வி எனக்கு எழுந்த சந்தர்ப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். 2025-ல் நானும் இரண்டு நண்பர்களும் அருப்புக்கோட்டையிலிருந்து காரில் கிளம்பி இலங்கை போனோம். காரில் என்பது பாதிதான் உண்மை. எங்கள் ஊரிலிருந்து இலங்கைக்குப் பழைய வழி நேர் கிழக்கே, ராமேஸ்வரம் தீவின் வழியாக. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபிறகு தனுஷ்கோடிவரை ரயிலில் போய், கப்பலில் இருபது மைல் சொச்சம் கடலைத் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ என்ற கப்பல் ஓடியது. எண்பதுகளின் நடுவில் போர் அதையும் நிறுத்திவிட்டது. தீவுக்குச் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. ஆகவே கார் அந்தத் தீவுக்குள் போக வழி வந்தபோது, தீவிலிருந்து அப்பால் போகக் கப்பல் இல்லை. 2017-ல் அரிச்சல்முனைவரை சாலை போட்டாயிற்று. நிலம் முடியும் இடத்தில் நிற்கிற தூணைச் சுற்றி வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான்.

எனவே நாங்கள் திருச்சுழி, நரிக்குடி வழியாக வடகிழக்கே ஏறி, தொண்டியில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, நாகப்பட்டினம் போனோம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, அவ்வப்போது நின்று நின்று ஓடும் கப்பல் ஒன்று உண்டு. இப்போதைய கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. மழைக்கு ஏங்கும் எங்கள் பக்கத்துச் சீமையின் பெயரைக் கடலில் மிதக்கும் ஒன்றுக்கு வைத்திருப்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அது ஆட்களை மட்டும் ஏற்றும், வண்டிகளை ஏற்றாது. காரை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடலை நான்கு மணி நேரத்தில் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு வேன் பிடித்து, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்குப் போய், மறுநாள் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து நின்றோம். எங்கள் ஊர்க் கிழவர்கள் ஒரு ரயிலையும் ஒரு கப்பலையும் நம்பிப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாங்கள் மாநிலத்தின் பாதியைச் சுற்றிக்கொண்டு, பாஸ்போர்ட் சகிதம் வந்திருந்தோம்.

தலைமன்னாரில் பனைமரங்களும் உடைமரங்களும் வெள்ளை மணலும் ஆடுகளும்தான். சுற்றுலாப் படங்களில் வருகிற தீவு அங்கே இல்லை. ‘இதைப் பாக்கவா மாப்ள கடல் தாண்டி வந்தோம்? நரிக்குடியிலயே எறங்கியிருக்கலாம்’ என்றார் நண்பர். சிரித்தோம். அப்போது அவருடைய கை சட்டைப்பையில் இருந்த கார்ச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கப்பல் ஏறியதிலிருந்தே அவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அப்படிச் செய்துகொண்டிருந்தார். கடலின் மறு கரையில் நிற்கும் காரின் சாவி இந்தக் கரையில் எந்தக் கதவையும் திறக்காது. ஆனாலும் அது அங்கே இருப்பதால்தான் நாங்கள் சிரிக்க முடிந்தது. உல்லாசப் பயணம் என்பதன் சாராம்சம் அந்தச் சாவிதான் என்று எனக்குப் பட்டது. காட்சிகளும் ஊர்களும் மாறலாம், சாவி மாறுவதில்லை.

நண்பரின் கேலியில் ஒரு சரித்திர உண்மையும் இருக்கிறது. 1820-களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியது முதல், ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். தாது வருஷப் பஞ்சம் போன்ற காலங்களில் சேர்க்க வேண்டிய அவசியமே இருந்திராது. அவர்கள் கனவு கண்ட ‘கண்டிச்சீமை’ மழை பெய்யும் இடம். அவர்கள் தோணியிலிருந்து இறங்கிய இடமோ விட்டுவந்த ஊரைப்போலவே வறண்டு கிடந்தது. ரயில் வருவதற்கு முன்னால் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பது அக்காலத்திலேயே சர்ச்சைக்குரியதாக இருந்தது. எண்ணிக்கையில் சர்ச்சை வருவதற்குக் காரணம், அவர்களை யாரும் எண்ணியிருக்கவில்லை என்பதே. பிற்காலத்தில் மண்டபத்தில் முகாம் போட்டு, தடுத்துவைத்து, நோய் சோதித்து அனுப்பியபோதுதான் அவர்கள் எண்ணப்பட்டார்கள்.

இந்த இடத்தில் என் கேள்விக்கு வேறொரு முனையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. எங்கள் வறட்டு நிலத்திலிருந்து திரும்பாமல் போனவர்களில் உலகம் அறிந்தவர் ஒருவர் உண்டு. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், மதுரையில் தங்கியிருந்த உறவினர் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பினார். கடிதத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. திருக்கோவிலூர் அருகே கீழூரில் காதுக் கடுக்கன்களை ஒருவரிடம் கொடுத்து நான்கு ரூபாய் வாங்கினார். அவற்றை மீட்டுக்கொள்ள வசதியாக விலாசம் எழுதித் தந்த சீட்டையும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, நகைக்கடன் சீட்டுகளில் தினம் கையெழுத்துப் போடுகிற எனக்கு, அவருடைய தரிசனத்தைவிட இந்தச் சீட்டு எளிதில் புரிகிறது. அடகுச் சீட்டு என்பது காகிதத்தில் எழுதப்பட்ட ‘போய்வருகிறேன்’. மீட்க வருவேன் என்ற நினைப்பு இல்லாமல் யாரும் அதைப் பத்திரப்படுத்துவதில்லை. அதைக் கிழிப்பவன் ஒரு தோட்டை மட்டும் விடவில்லை. திரும்பிவரும் உரிமையையே விடுகிறான்.

ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் வேறொரு சீட்டு புழக்கத்தில் இருந்தது. அதற்குப் பெயர் ‘துண்டு’. வெள்ளைக்காரத் துரைமார்களும் அந்தத் தமிழ்ச் சொல்லையே தங்கள் பாஷையில் எழுதினார்கள். இன்ன கங்காணியின் ஆட்கள் மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கத் தயார் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக்கொடுப்பார். வேறொரு தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். இதில் கடன் தீர்வதில்லை, கை மாறுகிறது. கடனோடு மனிதர்களும் கை மாறுகிறார்கள். ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி என்று ஏறிய கடன் அது. வங்கி பாஷையில் இதை வேறொரு வங்கி எடுத்துக்கொண்ட கடன்கணக்கு என்போம். திரும்பி வராத கடனுக்கு நாங்கள் வாராக்கடன் என்று பெயர் வைத்திருக்கிறோம். கடன் வசூலாகிறவரைக்கும் வர முடியாத மனிதனுக்குக் கணக்கில் தலைப்பு எதுவும் கிடையாது.

ஒரு சீட்டு, கிழிப்பதற்கு அதை வைத்திருந்தவன் கையில் இருந்தது. மற்றது, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவன் கைக்கு வரவே இல்லை. திரும்பாமை என்ற ஒரே புற நிகழ்ச்சியில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1898-ல் தாய் திருவண்ணாமலைக்கு வந்து மகனைத் திரும்பக் கூப்பிட்டார், மகன் போகவில்லை. கூப்பிட ஒருவரும் போக ஒரு வீடும் இருந்ததால்தான் அந்தப் போகாமை ஒரு செயல் ஆயிற்று. துறவுக்கும் ஒரு வீடு தேவைப்படுகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால் துறவியும் உல்லாசப் பயணியும் நாம் நினைப்பதைவிட நெருங்கியவர்கள். இருவருக்கும் திரும்பிவரும் உரிமை இருக்கிறது. ஒருவன் அதை அனுபவிக்கிறான், மற்றவன் மறுக்கிறான். தோட்டத்துக்குப் போனவனோ இந்தத் தர்க்கத்துக்கே வெளியில் நிற்கிறான். அவனுடைய திரும்பாமை அவன் செய்த காரியம் அல்ல, அவனுக்கு நேர்ந்தது.

நம்முடைய மெய்யியல் சொற்களில் அவனுக்கு இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாத்திரை, பற்று, துறவு, விடுதலை எல்லாமே தேர்ந்தெடுக்க முடிந்தவனின் சொற்கள். ‘பரதேசி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேற்று தேசத்தான் என்று தொடங்கி, துறவியையும் பிச்சைக்காரனையும் ஒருசேரக் குறிப்பதாக அது ஆகிவிட்டது. விட்டவனையும் இழந்தவனையும் மொழியே ஒன்றாக்கிவிட்டது. இப்படி ஒன்றாக்குவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இழந்தவனைப் பார்த்து விட்டவன் என்று நினைத்துக்கொண்டால், அவனிடம் நாம் பட்ட கடன் ஒன்றும் இல்லை, மரியாதை மட்டும் போதும் என்று ஆகிவிடும்.

நவீன கவிதையின் மூதாதை என்று நாம் கொண்டாடும் போதலேர் இந்தச் சௌகரியத்திலிருந்து தப்பியவர் இல்லை. 1841-ல், இருபது வயதில், அவருடைய போக்கு பிடிக்காத மாற்றாந்தந்தை அவரைக் கல்கத்தாவுக்குப் போகும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கப்பல் மொரீஷியஸில் நின்றது. அடுத்து ரெயூனியன் தீவு. அதற்குமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் பிரான்ஸுக்குத் திரும்பினார். அவர் கவிதையில் பின்னால் மணக்கிற வெப்பத் தீவுகளும் மரங்களும் பாய்மரங்களும் பெரும்பாலும் அந்த ஒரு பயணத்திலிருந்து எடுத்த மூலதனம். ‘மலபார்ப் பெண்ணுக்கு’ என்று ஒரு கவிதையும் எழுதினார். ரெயூனியனில் பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களை மலபார் என்றுதான் அழைத்தார்கள். பிரான்ஸைப் பார்க்க ஏங்கும் அந்தப் பெண்ணிடம், அங்கே போனால் குளிரில் நடுங்குவாய், உன் தீவை நினைத்து அழுவாய் என்பது அந்தக் கவிதையின் போக்கு. பரிவுள்ள கவிதைதான். ஆனால் அந்தத் தீவு அவளுடையது என்று அவருக்கு யார் சொன்னது? மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் இந்தியக் கூலிகள் வந்துகொண்டிருந்தார்கள். மலபார் என்ற பெயரே அந்தப் பெண் வேறோரிடத்திலிருந்து வந்தவள், அல்லது வந்தவர்களின் மகள், என்று சொல்கிறது. திரும்பிப் போக முடிந்தவர் அவளைத் தீவின் இயற்கையோடு சேர்த்துவிட்டார். கவிதையின் அழகு அந்தத் தவறின் மேல் நிற்கிறது. அவர் மேதை என்பதால் இது இல்லாமல் போய்விடாது.

இதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு, நியாயமானது. கண்டிச்சீமைக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை என்பது சரித்திரம் அல்ல. மொரீஷியஸுக்குப் போனவர்களைவிட அதிகமாக அவர்கள் ஊருக்கு வந்துபோனார்கள். கடல் குறுகியது. கல்யாணத்துக்கு வந்தார்கள், குலதெய்வத்துக்குக் கடா வெட்ட வந்தார்கள். உண்மை. ஆனால் வந்தார்கள் என்பதும், வர உரிமை இருந்தது என்பதும் ஒன்றல்ல. கணக்குத் தீர்ந்தால் வரலாம், கங்காணி விட்டால் வரலாம், அம்மை பரவாவிட்டால் வரலாம். பிறர் தயவில் கிடைப்பது எத்தனை தரம் கிடைத்தாலும் உரிமை ஆகாது. அது எவ்வளவு பலவீனமானது என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள்.

1948-ல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அப்படித் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அட்டை வாங்கியவர்களுக்கு அரசாங்கம் ஒரு பெயர் வைத்தது: ‘தாயகம் திரும்பியோர்’. நீலகிரித் தேயிலைக்கும், கன்யாகுமரி ரப்பருக்கும், நூற்பாலைகளுக்கும், அந்தமானுக்கும் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். ஹட்டனில் பிறந்து, ஹட்டனில் பிறந்த தகப்பனுக்கு மகனாக வளர்ந்தவன், பார்த்தே இராத கோத்தகிரிக்கு எப்படித் ‘திரும்ப’ முடியும்? அங்கே இருந்தவரை அவனுக்கு ‘இந்தியன்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் பெயர். இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’. இரண்டு கரையிலும் அவன் மறு கரையின் பெயரால் அழைக்கப்பட்டான்.

பாசெல் நகரில் 1688-ல் யொஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு வியாதியாக வர்ணித்து அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் கொடுத்தார். திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். வைத்தியம் எளிது: நோயாளியை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். 1964-ன் ஒப்பந்தம் இந்த வைத்தியத்தை, வியாதியே இல்லாதவர்களுக்குச் செய்தது. செய்து வியாதியை உண்டாக்கியது. ஐந்தேகால் லட்சம் பேரை ஊரைவிட்டுக் கிளப்பும் காரியத்துக்குத் ‘திரும்புதல்’ என்று பெயரிட்டதில் இருக்கிற ஒழுக்கக்கேடு, அந்தக் காரியத்தில் இருப்பதைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. காரியத்துக்கு அரசியல் காரணங்கள் இருந்தன. பொய்யான ஒரு வினைச்சொல்லுக்கு என்ன காரணம்? நாமும் அதை எதிர்ப்பில்லாமல் உபயோகித்தோம். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்தத் தொடரை ஆக்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் போகவே கூடாதா, எழுதவே கூடாதா என்று கேட்பார்கள். போகலாம். குற்றவுணர்வோடு போவதில் யாருக்கும் லாபம் இல்லை. குற்றவுணர்வும் நாம் கொண்டுபோகிற சாமான்தான். திரும்பும்போது அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நான் கேட்பது அதைவிடச் சிறிய விஷயம். திரும்பிவரும் உரிமையின் மேல் நின்றுகொண்டு அது இல்லாதவனின் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை அறையில் உட்கார்ந்துகொண்டு ‘நான் அகதி’ என்று எழுதும் கவிஞனுக்கு ஒரு தனிமை இருக்கிறது, அது பொய்யல்ல. அதற்கு அவன் வேறு சொல் தேட வேண்டும். அரிச்சல்முனையின் மணல்திட்டுகளில் போர்க்காலத்திலும், மறுபடி 2022-ன் பஞ்சத்திலும் படகிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்களுக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு சொத்து இருக்கவில்லை. அதையும் நாம் எடுத்துக்கொண்டால் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அது ஏற்கெனவே கவிதையாகக் கேட்கும். துயரத்தைக் கவிதையாகக் கேட்கப் பழகிய காது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது.

2023 ஜூலை 28 அன்று, நாங்கள் நின்ற அதே தலைமன்னாரிலிருந்து, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, அவர்களுடைய சந்ததியினர் மாத்தளை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், பதினாறு நாட்கள். முன்னோர்கள் நடந்த அதே வழி. இது யாத்திரை அல்ல, ஏனென்றால் முடிவில் புண்ணியம் கேட்கவில்லை; நிலமும் சம உரிமையும் கேட்டார்கள். பூர்வீகத்தைத் தேடுவதும் அல்ல, ஏனென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி, தீவின் உள்பக்கமாக நடந்தார்கள். திரும்ப முடியாமல் போனவர்களின் பாதையை அவர்கள் வந்துசேர்ந்தவர்களின் பாதையாக மாற்றிவிட்டார்கள். அரசாங்கப் பதிவுகளில் இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளியினர் என்றெல்லாம் அவர்களுக்குப் பெயர் இருந்திருக்கிறது. அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். அந்தப் பெயரில் புறப்பட்ட ஊர் இல்லை, வந்துசேர்ந்த மலை இருக்கிறது.